படித்துப் பார்த்தேன்

இதுதானே வசந்தி ஜாப் டைப்பிங்? நல்ல இடம் பிடிச்சீங்க போங்க. கோர்ட்டுக்கு எதிர்ல கடை, அதுவும் ரெண்டாவது மாடி, படி ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம். ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா. ஆங், போதும்.

என் பேரு குணசீலன். வக்கீல் அருமைநாயகம் அனுப்பினாரு. முன்ஜாமீனுக்கு அஃபிடவிட் அடிக்கணும். நாலு மணிக்கு அவரோட ஜூனியர் வந்து வாங்கிட்டுப் போய் நேரா உள்ள ஃபைல் பண்ணிடுவாராம். மணி இப்ப ரெண்டரை. வேகமா அடிப்பீங்கல்ல? பார்த்தா தெரியலையே.

டிராஃப்டா? குடுத்தாரு, குடுத்தாரு. ஒரே ஒரு பக்கம். 'மனுதாரருக்குத் தொழில்நுட்ப விவரம் ஏதும் தெரியாது, மேலிடத்தில் சொன்னதைச் செய்தார்'னு. எனக்குத் தெரியாதாம்! இருபத்தெட்டு வருஷமா இந்தத் துறையில பழம் தின்னு கொட்டை போட்டவன், எனக்குத் தெரியாதுன்னு நானே கையெழுத்துப் போடணுமாம். கிழிச்சுக் கீழயே போட்டுட்டு வந்தேன். நானே வாயால சொல்றேன், நீங்க அடிங்க. ஒரு வார்த்தை விடக் கூடாது. உங்க இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. இதை அடிக்கணுமா அதை அடிக்கணுமான்னு நடுவுல நிறுத்திக் கேக்கக் கூடாது. அடிக்கிறதுதான் உங்க வேலை, யோசிக்கிறது இல்ல. புரிஞ்சுதா? ஆரம்பிங்க.

'நான், குணசீலன், வயது ஐம்பத்து மூன்று, வைஸ் பிரசிடென்ட், இன்ஜினியரிங்.' கம்பெனி என்னன்னா, பூட்டு. சாவி இல்லாத பூட்டு. கதவுல ஒரு சின்னப் பெட்டி, நம்பர் அடிச்சா திறக்கும். 'நிம்மதி'ன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்களே? ஒரு அம்மா கதவைச் சாத்திட்டுச் சிரிப்பாங்களே, அதுதான். அந்தப் பேரு வச்சதே நான். இந்த ஊர்ல மட்டும் பதினாலாயிரம் கதவுல எங்க பூட்டு இருக்கு.

போன புரட்டாசியில எங்க எம்.டி. ரெங்கராஜ் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. பக்கத்துல ஒரு ஆளு. சந்தனக் கலர் சஃபாரி, கையில ரெண்டு போன். மேலிடத்துல இருந்து வந்திருக்காருன்னு சார் சொன்னாரு. எந்த மேலிடம்னு நான் கேக்கல. கேட்டா மரியாதையா இருக்குமா? பெரிய மனுஷங்க நம்மளை நம்பிச் சொல்றப்ப, எந்த ஆபீஸு, அடையாள அட்டை எங்கன்னு கேக்கிறது அல்பத்தனம். விஷயம் இவ்வளவுதான். எந்த வீட்டு 'நிம்மதி'யா இருந்தாலும் திறக்கிற மாதிரி ஒரே ஒரு நம்பர் வேணும். யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டுக்காரங்க வச்ச நம்பர் அது பாட்டுக்கு இருக்கும், இது பின்வாசல் மாதிரி. நாட்டுப் பாதுகாப்புன்னு அந்த ஆளு சொன்னாரு. நாட்டுப் பாதுகாப்புன்னா சும்மாவா? எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

இந்த இடத்துலதான் அவ வர்றா. ஜெபராணி. அடிங்க, பேரைத் தெளிவா அடிங்க. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, இருபத்தேழு வயசு, என் டீம்ல பூட்டுக்குள்ள ஓடுற புரோகிராம் முழுக்க அவ பொறுப்பு. நான் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆறு வரி வேலை. நின்னுக்கிட்டே என்ன சொன்னா தெரியுமா? "எழுத்துல தாங்க சார்."

எழுத்துல! நான் அவளுக்கு எழுத்துல தரணுமாம். அவ வயசு என் அனுபவம்.

"அரசாங்கமே கேட்டாலும், காரணம் சொல்லி எழுத்துல உத்தரவு போட்டுத்தான் கேக்கணும் சார். எங்க மாமா வக்கீல், விசாரிச்சேன். காகிதம் இல்லாம பண்ணினா, மேலதிகாரி சொன்னாருன்னு சொல்லித் தப்பிக்க முடியாதாம். செஞ்ச கைதான் மாட்டுமாம். வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம அவங்க பூட்டுல ஓட்டை போடுறது குத்தம் சார். உங்களுக்கும்தான் சொல்றேன்."

எனக்கும்தான் சொல்றாளாம்! நான் சிரிச்சேன். டீமே சிரிச்சுது. மாமா வக்கீலாம், ஊர்ல ரெண்டு வாய்தா வாங்குற வக்கீலா இருப்பாரு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேலைன்னா பயம், கையெழுத்துன்னா பயம், நிழலைப் பார்த்தாலும் பயம்.

அன்னைக்குச் சாயங்காலமே மெயில் போட்டா. நான் வாயால சொன்னதையெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு எழுதி, 'இது தங்கள் உத்தரவுதானா என்று உறுதி செய்யவும்'னு. என்ன திமிரு பாருங்க. நானும் விடல. எழுத்துலதானே கேட்ட, இந்தா வாங்கிக்கன்னு பதில் போட்டேன். டீம் மொத்தத்துக்கும், எச்.ஆருக்கும் காப்பி வச்சேன். அது எனக்கு மனப்பாடம், அடிச்சுக்கோங்க. 'ஆமாம், என் உத்தரவுதான். முழுப் பொறுப்பும் என்னுடையது. பயந்தாங்கொள்ளிகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கலாம்.' கீழ என் பேரு, பதவி, போன் நம்பர். எப்படி? அடேயப்பா, அன்னைக்கு ஆபீஸ் முழுக்க அந்தப் பேச்சுதான். ஒருத்தன் அதைப் பிரிண்ட் எடுத்துக் காபி மிஷின் மேல ஒட்டியே வச்சான்.

என்னம்மா? இதையும் அடிக்கணுமாவா? இப்பதானே சொன்னேன், கேள்வி கேக்காதீங்கன்னு. அதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஆம்பளையா பொறுப்பு ஏத்துக்கிட்டேன். அடிங்க.

அவ எம்.டி.யைத் தனியாப் பார்க்கணும்னு நின்னா. நான் விடுவேனா? கஸ்டமர் கேருக்கு மாத்தி உக்கார வச்சேன். ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'வணக்கம், நிம்மதி'ன்னு நாள் பூரா சொல்லட்டும். அப்பவாவது வாய் அடங்கும்னு பார்த்தேன்.

அந்த ஆறு வரியை நானே எழுதினேன். பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கீபோர்டுல கை வச்சேன், ஒரு தப்பு வரல. அந்த எட்டு இலக்க நம்பர் என்ன வைக்கிறதுன்னு யோசிச்சேன். நாளைக்கு மறந்து போச்சுன்னா அசிங்கம். என் பிறந்த தேதியையே வச்சேன்.

அடுத்தது முக்கியம், கவனமா அடிங்க. பூட்டுக்குள்ள இருக்கிற புரோகிராமை நாங்க ஆபீஸ்ல இருந்தே மாத்தலாம். ஆனா மாத்துறது நாங்கதான்னு பூட்டு நம்பணும். அதுக்குப் பென்டிரைவ் மாதிரி ஒண்ணு இருக்கு, டோக்கன்னு சொல்லுவோம். அதைச் சொருகிக் கையெழுத்து ஆனாத்தான் பூட்டு ஒத்துக்கும். முன்னால ரெண்டு டோக்கன் வேணும், ஒண்ணு என்னுது, ஒண்ணு ஜெபராணியோடது. அது அவ கொண்டு வந்த ஏற்பாடு. ரெண்டு பேரும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகும். நான் அதை எப்பவோ தூக்கிட்டேன். படிச்சுப் பார்க்கிறது ஜூனியர் வேலை. எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது ஒப்புதல் வரும், பட்டனை அழுத்திக்கிட்டே போவேன். உக்காந்து படிச்சா கம்பெனி நடக்குமா?

அன்னைக்கு ஆயுதபூஜை. ஆபீஸ்ல லேப்டாப்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சர்வர் ரூம் வாசல்ல பூசணிக்காய். என் டோக்கனையும் சாமி படத்துக்கு முன்னால தாம்பாளத்துல வச்சிருந்தாங்க. அன்னைக்கு எந்தக் கருவியையும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே. ரெங்கராஜ் சார் போன் பண்ணினாரு, சஃபாரிக்காரர் அவசரப்படுறாராம். எல்லாரும் பொரி கடலை வாங்க வரிசையில நின்னாங்க. நான் தாம்பாளத்துல இருந்து டோக்கனை எடுத்தேன், சொருகினேன், போட்டேன். பத்து நிமிஷம். பதினாலாயிரம் கதவும் மாறிடுச்சு. நம்பரை ரெங்கராஜ் சாருக்குப் போன்லயே சொல்லிட்டு, டோக்கனைத் திருப்பி வச்சு, ஒரு சூடமும் காட்டிட்டேன். அதே குங்குமத்தோட போலீஸ் அதைப் பறிமுதல் பண்ணி, 'குங்குமம் பூசிய பென்டிரைவ் ஒன்று'ன்னு மகஜர்ல எழுதியிருக்கான் அந்த இன்ஸ்பெக்டர். டோக்கனுக்கும் பென்டிரைவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு என்னை விசாரிக்கிறாரு. தலையெழுத்து.

தண்ணி இருக்கா? கேன் தண்ணியா? சரி குடுங்க.

இனி அந்த டீச்சரம்மா. பேரு நித்யகலா, ஸ்கூல் டீச்சர், பெரும்பாக்கத்துல ஒரு ஃபிளாட்ல தனியா இருந்தாங்க. புருஷன் அடிக்கிறான்னு பிரிஞ்சு வந்தவங்களாம். புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும், அது நமக்கெதுக்கு? வந்ததும் முதல் வேலையா எங்க பூட்டைத்தான் வாங்கி மாட்டியிருக்காங்க. அவங்க எங்க கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணிக் கேட்டாங்களாம், "என் நம்பர் தெரியாம வேற யாராலயும் இதைத் திறக்க முடியாதுல்ல?"ன்னு. யார் எடுத்தான்னு நினைக்கிறீங்க? நம்ம ஜெபராணி!

எடுத்தவ பதில் சொல்ல வேண்டியதுதானே? "லைன்ல இருங்க மேடம்"னு சொல்லிட்டு, ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, நாலு மாடி ஏறி என் ரூமுக்கு வந்துட்டா. மூச்சு இரைக்குது. கண்ணெல்லாம் தண்ணி. "சார், ஒரு டீச்சர் கேக்கிறாங்க. பயந்து போயிருக்காங்க சார். நான் என்ன சொல்லட்டும்?"

"முடியாதுன்னு சொல்லு."

"அதைப் பொய்னு தெரிஞ்சே சொல்லணுமா சார்?"

"விளம்பரத்துல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லு. போ."

"எழுத்துல தாங்க சார்."

மறுபடியும் அதே பாட்டு! நான் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, 'யாராலும் திறக்க முடியாது என்று சொல்லவும்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு அவ முகத்துல விட்டெறிஞ்சேன். பொறுக்கிக்கிட்டுப் போனா. போனவ அதைச் சொன்னாளா? சொல்லல. "மேடம், இன்னைக்கே தச்சரைக் கூப்பிட்டு உள் பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கோங்க"ன்னு சொல்லியிருக்கா. பேச்சு ரெக்கார்டுல இருக்கு. எங்க கம்பெனி நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எங்க பூட்டை நம்பாதே, இரும்புக்கடைத் தாழ்ப்பாளை நம்புன்னு சொல்றா. இதைவிடத் துரோகம் உண்டா? அன்னைக்கே ராஜினாமா எழுதி வச்சுட்டுப் போயிட்டா. போகட்டும், சனியன் விட்டுதுன்னு இருந்தேன்.

ஏம்மா நிறுத்திட்டீங்க? கை வலிக்குதா? டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கிறீங்களா? அதுதானே வருது.

அந்தச் சஃபாரிக்காரர் இருக்காரே, அவர் அந்தப் புருஷனோட சித்தப்பாவாம். மேலிடமும் கிடையாது, நாடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்க எம்.டி.க்கு ஏதோ நிலத்து விஷயத்துல பழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? நல்ல சஃபாரிதான் போட்டிருந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, அந்தப் புருஷன் போய் என் பிறந்த தேதியை அடிச்சிருக்கான். பூட்டு திறந்துடுச்சு. நம்ம வேலை சுத்தமான வேலை, முதல் தடவையே திறந்துடுச்சு. உள்ள அந்தத் தாழ்ப்பாள் தடுத்திருக்கு. அவன் தோளால இடிச்சிருக்கான், அந்தம்மா உள்ள இருந்து கதவைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டுக் கத்தியிருக்காங்க. தாழ்ப்பாள் பேந்து கதவு அடிச்சதுல வலது கை ரெண்டு இடத்துல முறிஞ்சுது. அதுக்குள்ள எதிர் வீட்டுக்காரங்க ஓடி வந்து அவனைப் பிடிச்சுட்டாங்க. அவன் கையில கத்தி இருந்துச்சுன்னு போலீஸ் சொல்லுது. அந்தத் தாழ்ப்பாள் மட்டும் இல்லன்னா அந்தம்மா இன்னைக்கு உயிரோட இல்லன்னு இன்ஸ்பெக்டர் என்கிட்ட சொல்றாரு. என்கிட்ட! தாழ்ப்பாளைப் பத்தி!

சாகலையே. கை எலும்புதானே, கூடிடும். அதுக்குப் போய் என்னைக் கொலை முயற்சிக்கு உடந்தைன்னு எழுதியிருக்காங்க. ஐ.டி. சட்டத்துல வேற ரெண்டு பிரிவு. எதிரி நம்பர் ஒண்ணு புருஷன், ரெண்டு சஃபாரி, மூணு நான். ஜெபராணி? அவ சாட்சி! மெயிலு, துண்டுச் சீட்டு, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக் கொண்டு வந்து குடுத்திருக்கா. செஞ்சவன் எதிரி, ஒண்ணுமே செய்யாம வேடிக்கை பார்த்தவ சாட்சி. நல்லா இருக்குல்ல நியாயம்?

ரெங்கராஜ் சாரா? அவரு, 'நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை, குணசீலன் தன்னிச்சையாகச் செய்தார்'னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரு. பார்த்தீங்களா, நீங்களும் உதட்டைச் சுழிக்கிறீங்க. உங்களுக்கெல்லாம் பெரிய இடத்து அரசியல் புரியாது. வெளிய அப்படித்தான் சொல்லுவாரு, உள்ளுக்குள்ள வேலை பார்ப்பாரு. பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் பொண்ணு கல்யாணத்துல பந்தி முழுக்க நான்தான் நின்னு கவனிச்சேன். பத்து நாளா போன் எடுக்கல, மீட்டிங்ல இருப்பாரு. அவர் சொன்னதுக்கு அத்தாட்சி கேட்டா எங்கிட்ட என்ன இருக்கு? வாயாலதான் சொன்னாரு. அவர்கிட்டப் போய் எழுத்துல குடுங்கன்னா கேக்க முடியும்?

இல்ல, அதுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணுல ஏதோ தூசி. உங்க ஃபேனை முதல்ல துடைங்க.

வீட்டுல ராத்திரி ஆனா என் சம்சாரம் கதவை மூணு தடவை இழுத்துப் பார்க்கிறா. எங்க வீட்டுலயும் அதே பூட்டுதான். போன வாரம் ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இதை அடிச்சுடாதீங்க.

அடிச்சுட்டீங்களா? சரி விடுங்க, இருந்துட்டுப் போகட்டும். கடைசியா ஒண்ணு. 'மேற்கண்ட அனைத்தும் நான் அறிந்து, முழு மனதுடன் செய்தவை. என் திறமையிலும் நேர்மையிலும் ஒரு குறையும் இல்லை. ஆகவே முன்ஜாமீன் வழங்குமாறு வேண்டுகிறேன்.' முடிஞ்சுது. பிரிண்ட் போடுங்க.

எத்தனை பக்கம்? பதினோரு பக்கமா? நல்லா இருக்கட்டும். அந்த வக்கீல் ஒரு பக்கத்துல முடிக்கப் பார்த்தாரு.

என்னம்மா தயங்குறீங்க? ஜூனியர் வரட்டும், அவர்கிட்ட ஒரு தடவை காட்டுங்கங்கிறீங்களா? அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்? அப்போ நானே ஒரு தடவை நிதானமாப் படிச்சுப் பார்க்கணுமா? நீங்க யாரும்மா எனக்குச் சொல்றதுக்கு? மணி நாலு ஆகப் போகுது. கீழ நோட்டரி கிளம்பிடுவாரு, நான் போய் அவர் முன்னால பக்கத்துக்கு ஒண்ணாக் கையெழுத்துப் போடணும். குடுங்க இப்படி.

இது என்ன நோட்டு? கடை நோட்டா? ஒவ்வொருத்தரும் எழுதிட்டுத்தான் போகணுமா? 'நான் சொன்னபடியே அடிக்கப்பட்டது, படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.' ஹா! நீங்களும் எழுத்துல கேக்கிற கட்சிதானா? எங்க போனாலும் இந்த ரகம் ஒண்ணு உக்காந்திருக்கு. பேனாவைக் குடுங்க. எங்க போடணும், இங்கயா?

இந்தாங்க, போட்டாச்சு. பேரு, தேதி, போன் நம்பர் எல்லாம் தெளிவா இருக்கு.

மறுபடியும் என்ன, படிச்சீங்களா படிச்சீங்களான்னு? படிச்சுப் பார்த்தேன்னு கையெழுத்தே போட்டுட்டேன், அப்புறம் எதுக்கும்மா படிக்கணும்?